சுமை தாங்கும் சந்தைப் பை

சனிக்கிழமை மாலையில் கண்டி மத்திய சந்தையிலிருந்து வெளியே வரும் இல்லத்தரசியைப் பாருங்கள். ஒரு கையிலே கரட்டும் கோவாவும் லீக்ஸும். மறு கையிலே தேங்காயும் உருளைக்கிழங்கும். இரு கைகளிலும் மெல்லிய பொலித்தீன் பைகள். பஸ் நிலையத்தை அடைவதற்குள் அவற்றின் காதுகள் நூலாய் நீண்டு விரல்களை அறுக்கின்றன. வீடு சேர்ந்ததும் அப்பைகள் குப்பைக் கூடைக்குப் போகின்றன. அரைமணி நேரம் உழைத்துவிட்டு, பல தலைமுறைக் காலம் மண்ணிலே மக்காது கிடக்கும் பொருள் இதனைப் போல் வேறொன்று உண்டோ?

கண்டி நகரத்தின் குப்பை பல்லாண்டுகளாகக் கொட்டப்பட்டு வந்த கொஹாகொட, மகாவலி கங்கையை அண்டிய இடமாகும். அந்தக் கங்கையின் நீரையே சுத்திகரித்து நாம் குடிக்கிறோம். சந்தையில் வாங்கிய பை எங்கே போகிறது என்று எண்ணிப் பார்ப்போர்க்கு இந்த ஒரு செய்தியே போதும்.

அரசாங்கமும் வாளாவிருக்கவில்லை. 2017ஆம் ஆண்டு செப்டெம்பரில் சிலவகைப் பொலித்தீன் பைகள் தடை செய்யப்பட்டன. 2025ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் திகதி முதல், கடைகளில் பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்கலாகாது, அதன் விலையைப் பற்றுச்சீட்டிலே காட்ட வேண்டும் என்று நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் கட்டளை நடைமுறைக்கு வந்தது. இலவசமாய்க் கிடைத்த காலத்தில் எண்ணாமல் வாங்கினோம். இப்போது எண்ணி வாங்குகிறோம். வாங்காமலே இருந்துவிட்டால் இன்னும் நலம் அன்றோ?

நம் பாட்டிமார் சந்தைக்கு வெறுங்கையுடன் போனதில்லை. பனையோலைக் கடகமும் உமலும் பன்பையும் அவர்கள் கைகளில் இருந்தன. அப்பெருமாட்டிகளைப் பின்பற்றி, நூலும் ஒரு சிறு கொக்கியும் கொண்டு நாமே ஒரு பையைப் பின்னிக்கொள்வது எப்படி என்பதை இங்கே சொல்ல விரும்புகிறேன். பின்னல் வேலையே அறியாதவரும் செய்யலாம். பள்ளி மாணவிகள் மாத்திரமல்ல, மாணவர்களும் பழகலாம். ஊசிக்கு ஆண் பெண் பேதம் தெரியாது.

என் முதற் பையின் கதை

அதற்கு முன் என் அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் முதன்முதலாகப் பின்னிய பை நீல நிறம். அழகிற்குக் குறைவில்லை. குழந்தைகளின் சட்டைக்கு வாங்கிய செயற்கைக் கம்பளி நூலில் மீந்ததை எடுத்து, வேலை விரைவில் முடிய வேண்டுமென்று பெரிய துளைகள் விழப் பின்னியிருந்தேன். மூன்று கிலோ உருளைக்கிழங்கையும் இரண்டு தேங்காய்களையும் அதிலே போட்டுக்கொண்டு பெருமிதத்துடன் நடந்தேன். பத்தடி நடந்ததும் பை முழங்காலைத் தொட்டது. இருபதடியில் கணுக்காலைத் தொட்டது. பஸ் நிலையத்தின் வாசலில் ஒரு பக்கத்துப் பிடி கழன்று, கிழங்குகள் நடைபாதையிலே உருண்டோடின. பள்ளிக்கூடச் சிறுமிகள் இருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பொறுக்கித் தந்தார்கள்.

பக்கத்து வீட்டு மூதாட்டியாரிடம் பையைக் காட்டி முறையிட்டேன். அவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது பை இல்லைப் பிள்ளை, தொட்டில்!" என்றார். பிறகு அவர் சொன்ன வார்த்தையே இக்கட்டுரையின் சாரம்: "பையென்றால் முதலில் சுமையை நினைக்க வேணும், வடிவைப் பிறகு பார்க்கலாம்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நூல் சரியில்லை, ஊசி சரியில்லை என்று நானும் சொல்லித் திரிந்திருக்கலாம். ஆயினும் குற்றம் மூன்றும் என்னுடையவை: இழுபடும் நூலைத் தெரிந்தேன்; தளர்வாகப் பின்னினேன்; பிடியின் பலத்தைப் பற்றிச் சிந்திக்கவேயில்லை. இம்மூன்றையும் திருத்திக்கொண்டால் முதற் பையே பல ஆண்டு உழைக்கும்.

கொக்கிப் பின்னல் என்பது யாது?

நுனியில் சிறு கொக்கியுள்ள ஒரே ஊசியினால் நூலைக் கண்ணி கண்ணியாக இழுத்துப் பின்னும் வேலையைக் குறோசே என்கிறோம். பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்குச் சிறு கொக்கி என்பதே பொருள். இரண்டு நீண்ட ஊசிகளால் பின்னும் கம்பளிப் பின்னலில் பல கண்ணிகள் ஒரே வேளையில் ஊசியில் நிற்கும். ஒன்று நழுவினால் கீழே வரை பிரிந்துபோகும் அபாயமுண்டு. கொக்கிப் பின்னலிலோ பெரும்பாலும் ஒரு கண்ணியே ஊசியில் நிற்கும். தவறு நேர்ந்தால் வேண்டிய இடம் வரை பிரித்துவிட்டு, அந்த ஒரு கண்ணியைப் பிடித்துக்கொண்டு மீண்டும் தொடங்கலாம். புதிதாய்ப் பழகுவோர்க்கு இதைவிட இரக்கமுள்ள கைவேலை வேறில்லை.

இது வெறும் பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை. அயர்லாந்து தேசத்தில் 1845ஆம் ஆண்டு உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்றுப் பெரும் பஞ்சம் தொடங்கியபோது, கன்னியர்மடங்களில் பெண்களுக்கு இவ்வேலை கற்பிக்கப்பட்டது. அவர்கள் பின்னி விற்ற சரிகைப் பின்னல் எத்தனையோ குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்தது.

வேண்டிய பொருள்கள்

பருத்தி நூல் 300 கிராம். ஓரளவு தடித்த நூலாக இருத்தல் வேண்டும். மெல்லிய நூலே கிடைத்தால் இரண்டு இழைகளைச் சேர்த்துப் பின்னலாம். ஒரே தடவையில் முழுவதையும் வாங்கிவிடுங்கள்; பிறகு வாங்கும் நூலின் சாயம் சற்று வேறுபடக்கூடும். 4 மில்லிமீற்றர் கனமுள்ள குறோசே ஊசி ஒன்று. தடித்த தையல் ஊசி, கத்தரிக்கோல், அளவு நாடா, அடையாளத்துக்குச் சிறிது வேறு நிற நூல். உட்புறம் தைக்கப் பழைய வேட்டித் துணியோ சேலைத் துணியோ போதும். பிடிக்குள் வைத்துத் தைக்க ஒன்றரை மீற்றர் பருத்தி நாடா.

பருத்தியை நான் வற்புறுத்துவதற்குக் காரணம், அது கம்பளியையும் செயற்கைக் கம்பளியையும் போல் எளிதில் இழுபடாமையே. நாரின் பலத்தை நம் மாவட்டத்தார் நன்கறிவர். ஹேனாவல கிராமத்தில், சிங்களத்தில் 'ஹன' என்றும் தமிழில் மருள் என்றும் வழங்கும் செடியின் இலையிலிருந்து நாரெடுத்து, சாயமேற்றி, நெருக்கமாக நெய்யும் தும்பறைப் பாய் வேலைப்பாடு 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலிலே இடம்பெற்றது. பலமான நார், நெருக்கமான நெசவு என்னும் அந்த இரண்டு குணங்களும் நமது பைக்கும் வேண்டும்.

முதலில் ஒரு சிறு சதுரம்

நூலில் ஒரு சுருக்கு முடிச்சிட்டு ஊசியில் மாட்டுங்கள். நூலை ஊசியின் மேல் சுற்றி, கொக்கியால் பிடித்து, ஊசியிலுள்ள கண்ணியின் ஊடாக இழுங்கள். இது ஒரு சங்கிலி. இவ்வாறு 17 சங்கிலிகள் பின்னுங்கள். எல்லாம் ஒரே அளவாக வரும் வரை பிரித்துப் பிரித்துப் பழகுவதில் வெட்கமில்லை.

இனி, ஊசிக்கு அடுத்துள்ள சங்கிலியை விட்டு, இரண்டாவதில் ஊசியை நுழையுங்கள். நூலைச் சுற்றி அதன் ஊடாக இழுங்கள். இப்போது ஊசியில் இரண்டு கண்ணிகள் நிற்கும். மீண்டும் நூலைச் சுற்றி, இரண்டின் ஊடாகவும் ஒருமிக்க இழுங்கள். இதுவே ஒற்றைப் பின்னல். பை முழுவதற்கும் இந்த ஒன்றே போதும். (இப்பின்னலை அமெரிக்கப் புத்தகங்கள் ஒற்றை என்றும், ஆங்கிலேயர் புத்தகங்கள் இரட்டை என்றும் குறிப்பிடும். புத்தகம் பார்த்துப் பழகுவோர் மயங்காதிருக்க இதைச் சொல்லிவைக்கிறேன்.)

வரிசை முடிவில் 16 ஒற்றைப் பின்னல்கள் இருக்கும். ஒரு சங்கிலி பின்னி, வேலையைத் திருப்பி, முதற் பின்னலிலேயே ஊசியை நுழைத்து அடுத்த வரிசையைத் தொடங்குங்கள். பின்னல்களின் மேல்விளிம்பு பின்னிய சடையைப் போல் தோன்றும். அச்சடையின் இரு இழைகளுக்கும் கீழாக ஊசி நுழைய வேண்டும்; ஓரிழையை மட்டும் பிடித்தால் துணி பலவீனமாகும்.

19 வரிசைகள் முடிந்ததும் அளந்து பாருங்கள். ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர்ச் சதுரம் கிடைத்தால் உங்கள் கை சரியான இறுக்கத்தில் இருக்கிறது. அதிகம் பெரிதாக இருந்தால் சற்றுச் சிறிய ஊசியை எடுங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பச்சை மிளகாய் நுழையக்கூடிய துளை தெரிந்தால் இன்னும் இறுக்கம் வேண்டும். சதுரத்தை எறிந்துவிடாதீர்கள், அதற்கும் வேலை இருக்கிறது.

அடியும் சுவரும்

பையின் அடிக்கு 49 சங்கிலிகள் பின்னி, முன்போலவே 48 ஒற்றைப் பின்னல்கள் கொண்ட வரிசைகள் 12 பின்னுங்கள். ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் எண்ணிப் பார்த்தல் அவசியம். 47 வந்தால் ஓரத்திலே ஒன்றைத் தவறவிட்டீர்கள். 49 வந்தால் ஒரே இடத்தில் இருமுறை நுழைந்தீர்கள். பழகுவோரின் வேலை கோணிப் போவதற்குப் பெரும்பாலும் இவையே காரணம். 30 சென்ரிமீற்றர் நீளமும் 6 சென்ரிமீற்றருக்குச் சற்று மேற்பட்ட அகலமும் உள்ள நீள்சதுரம் இப்போது உங்கள் கையில் இருக்கும்.

பன்னிரண்டாம் வரிசை முடிந்ததும் வேலையைத் திருப்பாதீர்கள். அப்படியே குறுகிய பக்கத்தில் இறங்கி, வரிசைக்கு ஒன்றாக 12 பின்னல்கள் இடுங்கள். பின்பு, தொடக்கச் சங்கிலியின் அடிப்புறத்தில் 48; மறு குறுகிய பக்கத்தில் 12; கடைசியாகப் பன்னிரண்டாம் வரிசையின் மேல் 48. ஆக 120 பின்னல்கள் கொண்ட முதற் சுற்று முடிந்தது.

இனித் திருப்புதல் என்பதே இல்லை. திருகுபடியில் ஏறுவதுபோல் சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே போக வேண்டியதுதான். ஒவ்வொரு சுற்றின் முதற் பின்னலிலும் வேறு நிற நூலைச் செருகி அடையாளம் வையுங்கள். மூலைகளில் பின்னலைக் கூட்டாதபடியால் சுவர் தானாகவே நிமிர்ந்து எழும். 56 சுற்றுகளில் சுவரின் உயரம் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் ஆகும். அடையாள நூல் சுற்றுக்குச் சுற்று ஒரு பக்கமாய்ச் சரிந்து போவதைக் கண்டு கலங்க வேண்டாம். சுற்றிப் பின்னும் ஒற்றைப் பின்னலின் இயல்பு அது.

மேல்விளிம்பு தளராதிருக்க ஒரு சுற்று வழுக்குப் பின்னல் இடுங்கள். ஊசியை நுழைத்து, நூலைச் சுற்றி, பின்னலின் ஊடாகவும் ஊசியிலுள்ள கண்ணியின் ஊடாகவும் ஒரே இழுப்பில் இழுத்தால் அதுவே வழுக்குப் பின்னல். மிக இறுக்கினால் பையின் வாய் சுருங்கிவிடும்; நிதானம் வேண்டும். பின்பு ஒரு சாண் நூல் விட்டு வெட்டி, கடைசிக் கண்ணியின் ஊடாக இழுத்து, மீதியை உட்புறத்தில் தையல் ஊசியால் ஓட்டி மறையுங்கள்.

பிடியே பையின் உயிர்

சுமை முழுவதையும் தாங்குவது பிடி. அதைக் குறுக்காகச் சிறு சிறு வரிசைகளாய்ப் பின்னினால் நீண்டு தொங்கும். ஆகவே நீளவாக்கிலே பின்ன வேண்டும். 113 சங்கிலிகள் பின்னி, 112 ஒற்றைப் பின்னல்கள் கொண்ட 6 வரிசைகள் பின்னுங்கள். 70 சென்ரிமீற்றர் நீளமும் 3 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள பட்டை கிடைக்கும். இவ்வாறு இரண்டு வேண்டும். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பருத்தி நாடாவை வைத்து இரு ஓரங்களிலும் தையுங்கள். இழுபடும் நூலுக்கு இழுபடாத நாடா துணை நிற்கும்.

பையை அதன் அடியின் நீளப் பக்கங்களுக்கு இசைய மடித்து வையுங்கள். ஒரு முகத்துக்கு 60 பின்னல்கள் வரும். இரு மடிப்பு ஓரங்களிலிருந்தும் பதினைந்து பதினைந்து பின்னல்கள் எண்ணிக் குறி வையுங்கள். அவ்விடங்களில் பிடியின் நுனிகளை உட்புறமாக 5 சென்ரிமீற்றர் இறக்கி, சதுரமாகச் சுற்றித் தைத்து, அச்சதுரத்துக்குள் மூலைக்கு மூலை குறுக்காகவும் தையுங்கள். விளிம்பிலே மட்டும் தைத்து நிறுத்தினால் என் கிழங்குகளுக்கு நேர்ந்த கதியே உங்களுடையவற்றுக்கும் நேரும்.

கடைசியாக உட்துணி. பையின் அளவுக்கே துணிப்பை ஒன்று தைத்து உள்ளே பொருத்துங்கள். அதன் உயரம் மட்டும் ஒன்றரைச் சென்ரிமீற்றர் குறைவாக இருக்கட்டும். அப்போது சுமை முதலில் துணியின் மேல் தங்கும், பின்னல் இழுபடாது. முதலில் பின்னிய சதுரத்தை உட்துணியின் மேல் மூன்று பக்கமும் தைத்துவிட்டால் சில்லறையும் பஸ் ரிக்கற்றும் வைக்க ஒரு சட்டைப்பை ஆயிற்று.

சந்தைக்கு முன் ஒரு சோதனை

பையை ஆணியில் மாட்டி, பிடியின் உச்சியிலிருந்து அடிவரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நான்கு கிலோ அரிசியை உள்ளே வைத்து ஓர் இரவு விட்டுவையுங்கள். காலையில் அரிசியை எடுத்துவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் நீண்டிருந்தால் பிடியைச் சிறிது குறைத்துத் திரும்பத் தைக்க வேண்டும். துவைக்கும்போது குளிர்ந்த நீரில் கைகளால் அலசி, துவாயில் ஒற்றி, தட்டையாக விரித்து நிழலில் உலர்த்துங்கள். ஈரப் பருத்தி கனமாக இருக்கும். கொடியிலே தொங்கவிட்டால் தன் பாரத்தாலேயே நீண்டுவிடும்.

இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைகளை வலக்கையால் பின்னும்படி வற்புறுத்த வேண்டாம். எதிரே உட்காரவைத்துக் காட்டினால், கண்ணாடியில் பார்ப்பதுபோல் அவர்கள் எளிதில் பற்றிக்கொள்வார்கள்.

எண்ணிப் பார்த்தால் தெரியும் மதிப்பு

இப்பையில் எத்தனை பின்னல்கள் என்று கணக்கிட்டுப் பார்ப்போமா? அடிக்கு 576, சுவருக்கு 6,720, இரு பிடிகளுக்கு 1,344. விளிம்புச் சுற்றை நீக்கினாலும் 8,640 பின்னல்கள். புதிதாய்ப் பழகியவர் நிமிடத்துக்குப் பதினைந்து பின்னினால் ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரம் செல்லும். நாளொன்றுக்கு அரைமணி ஒதுக்கினால் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது பொய்யன்று.

இக்கணக்கை நான் சொன்னதற்கு வேறொரு காரணமும் உண்டு. பை நன்றாக அமைந்துவிட்டால், "எனக்கும் ஒன்று பின்னித் தாருங்கள், வீட்டிலே சும்மா இருக்கிற நேரந்தானே!" என்று கேட்போர் வருவார்கள். ஆந்திர தேசத்தின் கோதாவரிக் கரையிலுள்ள நரசாபூரில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கொக்கிச் சரிகை பின்னி வருகிறார்கள். அவர்கள் பின்னியது கடல் கடந்து விற்பனையாயிற்று. ஆயினும், அவ்வேலை ஓய்வுநேரப் பொழுதுபோக்கென்றே கருதப்பட்டமையால் அவர்கள் கைக்கு வந்த கூலி மிகச் சொற்பம் என்பதை, மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1982இல் வெளியிட்ட நூலில் விளக்கிக் காட்டினார். தோழிக்கு அன்புப் பரிசாகக் கொடுங்கள்; அதில் குறைவில்லை. விற்பதென்றாலோ, நூலின் விலையோடு ஒன்பதரை மணி நேர உழைப்பின் விலையையும் சேர்த்துச் சொல்லக் கூச வேண்டியதில்லை.

என் இரண்டாவது பை அந்த மூதாட்டியாரின் மேற்பார்வையிலே உருவானது. அதன் நிறம் சற்று மங்கிவிட்டது. ஒரு மூலையில் கறிக்கறையும் உண்டு. ஆயினும் சனிக்கிழமை தோறும் உருளைக்கிழங்கையும் தேங்காயையும் சுமந்துகொண்டு, சந்தையிலிருந்து வீடுவரை பிடி தளராமல் வருகிறது. கடைக்காரர் பொலித்தீன் பையை நீட்டும்போது, "வேண்டாம், என்னிடம் பை இருக்கிறது" என்று சொல்வதில் ஒரு தனி இன்பமும் இருக்கத்தான் செய்கிறது.

சகோதரிகளே, சகோதரர்களே! இன்று மாலையே 17 சங்கிலிகள் பின்னிப் பாருங்கள். கோணினால் பிரித்துவிட்டு மறுபடியும் பின்னுங்கள். மூன்று வாரம் கழித்து வரும் சனிக்கிழமை, உங்கள் கையிலும் சுமை தாங்கும் ஒரு பை இருக்கட்டும்.